தனத்தின் இரும்பு வீடு

ஆகஸ்ட் 4, திங்கள். ஜுபைல்.

விடியும்போதே புழுக்கம். சட்டையைப் பிழியலாம். யார்டில் போர்ட்டா கேபின்களுக்கு, அதாவது தூக்கி வைக்கும் இரும்புப் பெட்டி அறைகளுக்கு, சுவர் பேனல் அடிக்கும் வேலை. உச்சி வெயிலில் வெளிவேலை கிடையாது. நிழலில் படுத்துக்கொண்டு ஊரிலிருக்கும் மனைவி தனத்துக்கு போன்.

எங்கள் புது வீட்டுக்குக் கதவு எண் தரமாட்டேன் என்றுவிட்டாராம் ஊராட்சி கிளார்க்.

"இது வீடு இல்லம்மா. கிரேன் வச்சி எறக்கினது. நாளைக்கே தூக்கிட்டுப் போயிடலாம்."

"எங்க, தூக்கிட்டுப் போங்க பாப்போம்" என்றாளாம் தனம்.

எண் இல்லாவிட்டால் கரண்ட் இல்லை. பேங்க்கிலும் அதே பாட்டு. காங்கிரீட் வீடு என்றால்தான் அதன் மேல் லோன்.

சவுதிக்கு வந்த நாளிலிருந்து நான் வெல்டிங் வைப்பது இந்தப் பெட்டிகளுக்குத்தான். தூங்குவதும் இதே மாதிரி ஒரு பெட்டியில்தான். காங்கிரீட் நம் கைக்கு எட்டாது. நம்மூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் செய்ய வைத்து, இரண்டு துண்டாக லாரியில் ஏற்றி, போன லீவில் நானே போல்ட் முறுக்கி நிறுத்திய வீடு. இரண்டு அறை, சமையலறை, பாத்ரூம். மனை தனம் பேரில். அவள் நகையை விற்று வாங்கியது.

இதுவா வீடு இல்லை?

ஆகஸ்ட் 7, வியாழன்

சோப்பு, பிளேடு வாங்க வேண்டும். ஏசியிலிருந்து மறுபடியும் தண்ணீர். கேம்ப் பாஸிடம் சொன்னால், "பார்ட்ஸ் மஃபி." இல்லையாம்.

அண்ணன் போன். ஊரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். இதுவரை தனத்துக்குக் கரண்ட் அவர் வீட்டிலிருந்துதான். ஒயர் இழுத்திருந்தோம்.

"ஊரே சிரிக்குதுடா. தம்பி துபாய்ல சம்பாதிச்சி தகர டப்பா வாங்கியாந்திருக்கான்னு." (அவருக்கு எல்லாமே துபாய்.) "அத வந்த வெலைக்குத் தள்ளிட்டு அவள இங்க வரச் சொல்லு. அதுவரைக்கும் நான் கரண்ட் குடுக்கறதா இல்ல."

சொன்னபடி மதியமே ஒயரைக் கழற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகள் இருட்டில் இருக்கின்றன என்ற நினைப்பு. தனத்திடம் சொன்னேன்: "கொஞ்ச நாளைக்கி அண்ணன் வீட்டுக்குப் போயேன். அப்பறம் பாத்துக்கலாம்."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு:

"நீங்களும் அவங்க கட்சியா? ஒருவாட்டி வெளிய கால் வச்சேன்னா, பாத்தீங்களா, அவளே காலி பண்ணிட்டான்னு எழுதிடுவாங்க. நான் நவுற மாட்டேன். மெழுகுவத்தி இருக்கு, ஜன்னல் இருக்கு. நீங்க வெச்ச ஜன்னல்தான?"



ரூமில் மாரிமுத்துவிடம் சொன்னேன். ராமநாதபுரத்துக்காரன், அவனும் வெல்டர்தான். சுவரைத் தட்டிக் காட்டினான். "அந்தக் கிளார்க்க இங்க அனுப்பச் சொல்லுண்ணே. இந்த ஊரையே இதுலதான கட்டுறோம். ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிவாசல் எல்லாம் இதே பேனல். நம்ம குடும்பம் இருந்தா மட்டும் டப்பாவாக்கும்?"

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கை விரலில் தீப்பொறி. சின்னக் கொப்புளம்.

வெள்ளிக்கிழமை கிராம சபை. தனம் பேசப் போகிறாளாம். கல்யாணத்தன்றுகூட மைக் முன்னால் நிற்க வெட்கப்பட்டவள். "என்ன பேசப் போற?" "அங்க போனா வரும்."

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள். துணி துவைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். மகள் கூட்டத்திலிருந்து போன் போட்டுக் கேட்க விட்டாள். இரைச்சல். தலைவர் குடிநீர் பற்றி, ரோடு பற்றி. பிறகு தனத்தின் குரல்.

"எனக்கு ஓட்டு இந்த ஊர்லதாங்க. ரேஷன் இந்த ஊர்லதாங்க. என் புள்ளைங்க படிக்கிறதும் இங்கதான். வீடு மட்டும் இல்லன்னா, அப்ப நான் எங்க குடியிருக்கேன்? சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு கிளார்க்கின் குரல்: "ரூல் இல்லம்மா."

"ரூல காட்டுங்க. இரும்புல கட்டினா வீடு இல்லன்னு எழுதியிருக்கறத படிச்சிக் காட்டுங்க. நான் உக்கார மாட்டேன்."

பின்னாலிருந்து இன்னொரு பெண்: "நாங்களும் அந்த மாதிரி ஒண்ணு வாங்கணும்னு இருக்கோம். பதில் சொல்லுங்க சார்!" அப்புறம் பல குரல்கள். ஒன்றும் புரியவில்லை. லைன் கட்.

கேபினுக்குள் நடந்தேன். நடக்க இடமில்லை. மாரிமுத்து கட்டிலில் ஏறி உட்கார்ந்து வழி விட்டான்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வீட்டை அளந்து, வரி போட்டு, கதவு எண் தரத் தீர்மானம். தொண்டை கட்டியிருந்தது அவளுக்கு.

ஆகஸ்ட் 20, புதன்

தூசுக் காற்று. கண் எரிச்சல். புது ஆர்டர், ஸ்கூல் கேபின்கள். பேங்க்கில் மறுபடி இல்லை என்றார்கள். அடுத்து அங்கே போய் உட்காரப் போகிறாளாம். அண்ணன் பேசுவதில்லை. பேச வேண்டாம்.

கிளார்க் அளக்க டேப்போடு வந்தார். தனம் வீடியோ காலில் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். எல்லாம் பார்த்தேன்.

"ஷெட்டுன்னு போட்டுக்கறேம்மா."

"வீடுன்னு போடுங்க."

போட்டார்.

"வீட்டுக்காரர் பேரு?"

"தனலட்சுமி."

"உன் பேரு இல்லம்மா. வீட்டுக்காரர் பேரு."

"வீட்டுக்காரி நான்தாங்க. எழுதுங்க."