உனக்காக மாட்டிய இரண்டு ஃபேன்கள்

அக்கா,

இன்று காலை கடைக்கு ஒரு வேன் வந்தது. டிரைவர் பானெட்டைத் தூக்கியதும் கொதித்த ரேடியேட்டர் தண்ணீரின் வாடை முகத்தில் அடித்தது. துருவும் சூடான ரப்பரும் கலந்த வாடை. வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாடை வந்தாலே எனக்குத் திண்டிவனம் ரோடும், புளியமர நிழலில் நின்றுபோன நம் வெள்ளைக் காரும், பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்திருக்கிற நீயும்தான்.

அத்தான் விட்டுப்போன அம்பாசிடர் அது. அவர் போன பிறகு கொட்டகையில் கிடந்ததை, உனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் வெளியே எடுத்தோம். செவ்வாயும் வெள்ளியும் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். வாடகைக் காரில் கால் நீட்ட முடியவில்லை என்றாய். இதில் கட்டில் மாதிரி படுத்துக்கொண்டு வரலாம். ஆனால் வெயில் காலத்தில் திரும்பும்போது வண்டி கொதித்துவிடும். எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுகிற பழைய ஃபேன். வண்டி வேகமாக ஓடினால் சரி. பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தால் அதுவும் சோர்ந்துவிடும். ரேடியேட்டரைக் கழுவிப் பார்த்தேன், ஹோஸை மாற்றிப் பார்த்தேன். வழியில் நிறுத்தி ஆறவிடுவது மட்டும் குறையவில்லை.

அதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. உனக்குத்தான். பொழுது சாய்ந்த பிறகு நீ வாயில் எதையும் வைக்கமாட்டாய். நம் ஜைன வீடுகளில் எல்லோருக்கும் பழக்கம்தான். ஒர்க்‌ஷாப் வேலையில் நான் எப்போதோ விட்டுவிட்டேன், நீ விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து குளிக்காமலும் சாப்பிடமாட்டாய். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு டப்பா இட்லி எடுத்துவருவேன், நீ தொடமாட்டாய். வண்டி வழியில் நின்றால் வீடு சேருவதற்குள் இருட்டிவிடும். மணிக்கணக்கில் ஊசியோடு கிடந்த உடம்பு அன்று ராத்திரி முழுக்கப் பட்டினி. டாக்டர் சாப்பிடச் சொல்லிப் பார்த்தார். முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று மடத்திலேயே கேட்டுவந்து நானும் சொன்னேன். நீ மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டினாய், சாப்பிடவில்லை.

ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணீரைக்கூட வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொல்வாய், அதிலிருக்கும் சிறு உயிர்கள் வெந்துபோகக் கூடாதென்று. ஒரு நாள் நான் குடத்தைச் சாய்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “எனக்கு அரைத் தம்ளர் அளந்து குடுக்கிறாங்க. இதுக்குப் பாரு, கொடம் கொடமா.” சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

உடைத்துப்போட்ட ஒரு சின்னக் காரிலிருந்து இரண்டு ஃபேன்கள் கிடைத்தன. உன் வீட்டு வாசலிலேயே வேலையை வைத்துக்கொண்டேன். நீ பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். பழைய டைனமோவுக்கு இந்த ஃபேன்களை இழுக்கிற சக்தி இல்லை என்பதால் ஆல்டர்னேட்டர் மாட்டினேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு தடித்த ஒயர், நடுவில் கரண்டைத் திறந்து மூடும் ரிலே, சூடு ஏறினால் அதைத் தட்டிவிட ரேடியேட்டரில் ஒரு சுவிட்ச். ஒயர் ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டாய். மெல்லிய ஒயரில் இத்தனை கரண்ட் போனால் உருகிவிடும் என்றேன். உன் இடது கையைத் திருப்பிக் காட்டினாய். ரத்தம் நிறைய ஓட வேண்டுமென்று ஆபரேஷன் செய்து பெரிதாக்கிய நரம்பு அங்கே புடைத்து நின்றது. இது மாதிரிதானா என்றாய். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒயரின் முனையைச் சீவ ஆரம்பித்தேன்.

ஃபேன்கள் சுற்றியதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நீ எழுந்து காருக்கு முன்னால் போய் நின்றாய். உன் முந்தானை பின்னால் பறந்தது.

“தம்பி, காத்து என் மேல இல்ல அடிக்குது? உள்ள போவணும்னு சொன்னியே.”

நிறம் வெளுத்த ஒயர்களில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன. இரண்டும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மாற்றிக் கொடுத்தேன். இந்த முறை உன் முந்தானை கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது. திருப்தியாகத் தலையசைத்துவிட்டு நாற்காலிக்குப் போனாய்.

அதற்குப் பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அமாவாசையாக அமைந்துவிட்டது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களெல்லாம் செஞ்சிக்குள் நெரிந்து நின்றன. நாமும் நடுவில் மாட்டிக்கொண்டோம். ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன, சூடு காட்டுகிற முள் அசையவில்லை. எதிரில் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் மறைந்தது.

“ஆயிடுச்சு தம்பி. மெதுவாவே போ,” என்றாய்.

“மலை மறைக்குதுக்கா. இன்னும் எறங்கல. பின்னால பாரு, தென்னமரத்து மேல வெயில் இருக்குது.”

நீ சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது எனக்கு.

“அந்த டப்பா இருக்குதா?”

கொடுத்தேன். தெருவில் ஒரு வாய் சாப்பிட்டறியாத நீ, ஹாரன் சத்தத்துக்கும் காரை உரசிப் போகிற ஜனங்களுக்கும் நடுவில், குளிக்காமல், இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டாய். ஒன்றை என் தோள் வழியாக முன்னால் நீட்டினாய். “நீயும் இன்னிக்கு வெளிச்சத்துல சாப்டு.” ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

தை மாதம் நீ போனாய், வீட்டில், விடிகாலைத் தூக்கத்தில். காரை விற்றுவிடச் சொன்னார்கள். நானும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். ஒரு நாள் ஸ்பேர் வாங்கத் திண்டிவனம் போனபோது, உனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பாளே வல்லத்து அம்மா, அவள் பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்தவள் உடனே ஏறவில்லை. அக்கா எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று கேட்டாள். காட்டினேன். சுற்றிக்கொண்டு போய் அடுத்த பக்கம் ஏறி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அவளைக் கூட்டிவருகிறேன். கால் நீட்டிக்கோம்மா என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், கேட்கமாட்டாள். போன வெள்ளிக்கிழமை வல்லம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உன் இடம் வரை கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. வண்டியை நிழலில் ஓரங்கட்டிக் காத்திருந்தேன்.