குளியலறைச் சுவர்

1963 ஜனவரி 6

அம்மாக்கண்ணுவின் கண்களைக் கெடுத்தது எங்கள் வீட்டுக் குளியலறை. பதினெட்டு வருடம். அப்பாவைத் தவிர யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

குளியலறைச் சுவருக்கு வெளியே ஒரு தகரச் சாய்ப்பு. அதில் கொப்பரை, கீழே அடுப்பு. கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை, மிளாறை, எரித்து அவள் தண்ணீர் காய்ச்சுவாள். சுவரில் கைமுட்டி அளவு ஓட்டை; அதன் வழியாக ஒரு குழாய் உள்ளே வரும். தண்ணீர் காய்ந்தால் அவள் ஒருமுறை தட்டுவாள். இன்னும் வேண்டுமென்றால் நாங்கள் இருமுறை தட்ட வேண்டும். பேசக் கூடாது. கண்டாக்கையா வீட்டில் குளிக்கும்போது கூலிக்காரியோடு என்ன பேச்சு? தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவான அப்பா போட்ட சட்டம்.

இன்று அம்மாக்கண்ணு என்னை அக்கா என்று நினைத்துப் பேசினாள். நான் அவளுக்கு நேரெதிரே நின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி 9

பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார். பங்களாச் சாமான்கள் ஏலம். அப்பா ஒரு கீசரைப் பார்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். கொப்பரையும் இல்லை, தொட்டியும் இல்லை. செப்புக் குழாய் சுருள் சுருளாக இருக்கிறது, அடியில் மண்ணெண்ணெய் எரிகிறது. திறந்த நிமிடமே சுடுதண்ணீர். அக்கா யோகேஸ்வரி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்கு எந்நேரமும் சுடுதண்ணீர் வேண்டும் என்பது அப்பாவின் நியாயம்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நெருப்ப உள்ளாற வச்சுக்கிட்டா குளிப்பாங்க?"

நான்தான் வாதாடினேன். "வாங்குங்கப்பா. நம்ம குளிக்கிறதுக்கு ஒரு மனுசி கண்ணவிஞ்சு போகணுமா?"

அப்பா சிரித்தார். "பாத்தியா, யூனியன்காரி எனக்கு ஓட்டுப் போட்டுட்டா!"

அம்மாக்கண்ணுவுக்கு, கூலிக்காரர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஜனவரி 10

சாய்ப்புக்குப் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மிளாறு ஒடிப்பதை நிறுத்தவில்லை.

"இங்கனன்னா பொக காத்தோட போயிரும் பாப்பா. உள்ளாற எரிஞ்சா எங்குட்டுப் போகும்?"

"ஒன் கண்ணப் பாரு மொதல்ல."

"அதத்தான பாக்க முடியல" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "தோட்டத்து ஆள் கணக்குல, அந்தச் செக்ரோல்ல, எம் பேரு இருக்கிற வரைக்குந்தான் லயத்துல குடியிருக்கக் காம்பரா. பேர வெட்டிப்புடாம பாத்துக்க பாப்பா."

அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றேன். எவ்வளவு திமிராகச் சொன்னேன்!

ஜனவரி 15

கீசர் வந்துவிட்டது. புகைக்குழாய் மட்டும் ஏலத்தில் கிடைக்கவில்லையாம். கூரையில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்தே ஆக வேண்டும் என்றான் தோட்டத்துத் தச்சன் மூக்கன். "மழைக்கு ஒழுகும். கூரை தோட்டத்துச் சொத்து" என்றார் அப்பா. குழாய் வைக்கச் சொல்லி நானும் சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன்.

பழைய குழாயைக் கழற்றிய ஓட்டை வழியாகக் குளிர் வந்தது. வெளியிலிருந்து சாக்குத்துணியைக் குத்தி இறுக்கி அடைத்தது நான்.

ஜனவரி 22

அக்காவுக்குப் பெண் குழந்தை.

ஜனவரி 25

அம்மாக்கண்ணுவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். பெயர் வெட்டியாயிற்று. அவள் காம்பராவில் வேறு குடும்பம்.

"குருட்டுக் கெழவிகிட்ட பச்சப் புள்ளைங்கள விடச் சொல்றியா?" என்கிறார் அப்பா.

"யாருப்பா குருடாக்கினது?" என்றேன். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வலப்பனையில் அவள் தங்கை மகள் இருக்கிறாளாம். அங்கே போயிருப்பாளாம்.

வாதாடியது நான். எனக்கு யார் பத்துச்சீட்டு கொடுப்பது?

ஜனவரி 28

குளிக்கும்போது தலை பாரமாக இருந்தது. சுவர் மூச்சு விடுவது போல உப்பி உப்பி அடங்கியது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஒரு தட்டு. ஒன்றே ஒன்று.

தண்ணீர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பழக்க தோஷத்தில் நானும் இரண்டு தட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் போய்விட்டது நினைவு வந்தது. ஈரத்துணியோடு ஓடிப் பார்த்தேன். சாய்ப்பில் யாரும் இல்லை. கொப்பரையில் சிலந்தி வலை.

ஜனவரி 29

மண்ணெண்ணெய்ப் புகைதான். தலை சுற்றினால் காதும் பொய் சொல்லும். நான் பேயை நம்புகிறவள் இல்லை.

ஜனவரி 31

அம்மாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். குளியலறை வாசலில் கற்பூரம் கொளுத்துகிறாள். "வயிறெரிஞ்சு போயிருக்காடி அவ." காற்றில் தகரம் அடிக்கிறது என்கிறார் அப்பா. ஒரே ஒருமுறை அடித்துவிட்டு நிற்குமா தகரம்?

வலப்பனைச் சந்தைக்குப் போன மூக்கனை விசாரிக்கச் சொல்லியிருந்தேன். "அங்கன வரவே இல்லையாம் பாப்பா. தங்கச்சி மக அழுவுது."

பெப்ரவரி 1

சாய்ப்பில் ஒரு தட்டுச் சோறு வைத்தேன். யாருக்கு? தெரியாது.

பெப்ரவரி 2

நாய் தின்றிருக்கும் என்கிறார் அப்பா. தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

பெப்ரவரி 5

இதை எழுதியே ஆக வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். அக்கா குழந்தையோடு குளியலறைக்குப் போனாள். நான் அடுக்களையில் இருந்தேன். திடீரென்று குளியலறைச் சுவரை யாரோ குத்தும் சத்தம். ஒன்றில்லை, இரண்டில்லை — நிறுத்தாமல், கல்லால் குத்துவது மாதிரி. ஓடினேன். "அக்கா! அக்கா!" பதில் இல்லை. அம்மாவும் நானும் தோளால் மோதித் தாழ்ப்பாளைப் பிய்த்தோம்.

அக்கா சுவரோரமாகச் சரிந்து கிடந்தாள். குழந்தை மடியில். சத்தமில்லை.

முற்றத்துக்கு இழுத்து வந்தோம். குளிர்காற்று பட்டதும் குழந்தை ஒருதரம் இருமியது. பிறகு அழுதது. அழுடீ, நல்லா அழு, நிறுத்தாத என்று கத்தினேன்.

அக்கா வாந்தி எடுத்துவிட்டுக் கேட்டாள். "நீயாடி தட்டுன?"

"நீதான தட்டுன?"

"கையத் தூக்க முடியலடி. அந்த ஓட்டப் பக்கமா காத்து வந்துச்சு. புள்ளையோட மூஞ்சிய அதுகிட்ட வச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் தெரியும்."

அந்த ஓட்டையை அடைத்தவள் நான்.

சாய்ப்புக்குப் போனேன். நான் குத்தி இறுக்கிய சாக்குத்துணி வெளியே மண்ணில் கிடந்தது. மூன்று வாரமாகப் பற்றவைக்காத அடுப்பு. சாம்பலில் கை வைத்தேன்.

சூடு.

பெப்ரவரி 6

நானும் மூக்கனும் லயங்கள், கொழுந்து பறிக்கும் மலை, ஆற்றோரம் எல்லாம் தேடினோம். பனி விலகவே இல்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 9

நான்கு நாளாகச் சோறு வைக்கிறேன். வைத்தது வைத்தபடி இருக்கிறது.

பெப்ரவரி 12

கீசரைக் கழற்றியாகிவிட்டது. பழைய குழாயை மூக்கன் திரும்பப் பொருத்தினான். அடுப்புக்கு வேறொரு பொம்பளையை அனுப்புகிறேன் என்றார் அப்பா. நான் விடவில்லை. ஒரு வாரம் நான் எரிக்கிறேன் என்றேன். ஒரு காலையிலேயே கண்ணைத் திறக்க முடியவில்லை.

இன்று அப்பா குளித்தார். தண்ணீர் காய்ந்ததும் ஒருமுறை தட்டினேன். குழாயைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து இரண்டு தட்டு.

இந்த முறை நான் குழாயைத் திறக்கவில்லை. ஓட்டையோரம் வாயை வைத்தேன்.

"அம்மாக்கண்ணு பேர செக்ரோல்ல திரும்ப எழுதுங்கப்பா."

உள்ளே வாளிச் சத்தம் நின்றது. புகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவருக்கு ஈர உடம்பில் குளிர் ஏறியிருக்கும். இருந்தும் மறுபடி தட்டவில்லை.

"எழுதுறேன்னு சொல்லுங்க. ஒரு வார்த்த. சொல்லுங்கப்பா."