சுண்ணாம்புக் கோடு வளைந்த இடம்

மச்சான், யானை ரேஷன் கடைச் சுவரைத் தள்ளி அரிசியைத் தின்றதே, அடுத்த மாத மழையில் தேயிலை பாக்டரிப் பாலம் ஆற்றோடு போனதே, அந்த வருஷம்தான் நீ போனாய். தேதி எனக்குத் தெரியாது. எழுத்தும் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இன்று காலை வட்டவடை ஜீப்புக்கு நின்றவன், ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்ததும் திரும்பிப் பார்த்தேன். உன்னைப் புதைத்த சரிவில் ரிசார்ட்டுக்கு ரோடு வெட்டக் கோடு போட்டிருக்கிறார்கள். மேலிருந்து நேராக வருகிற கோடு, எஸ்டேட் துரையின் நாயைப் புதைத்த கல்லுக்குப் பக்கத்தில் மரியாதையாக வளைந்து, மறுபடி நேராகி, உன் நெஞ்சு மேல் போகிறது.

அந்த நாய்க்குக் குழி வெட்டியதே நாம் இரண்டு பேர்தான். துரை அழுதார். நாம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்து நின்றோம். பேர் வெட்டிய கல்லைச் சுமந்து நட்டுவிட்டு இறங்கும்போது நீ சொன்னாய்: "நான் செத்தா அந்த நாய்க்குப் பக்கத்துல போடு மச்சான். அங்கதான் எவனும் மாடு மேய்க்க மாட்டான்."

சொன்னபடியே போட்டோம். நமக்குக் கல் நட விடவில்லை. நாய்க் கல்லிலிருந்து பாறையைப் பார்த்துப் பன்னிரண்டு தப்படி. அது இன்னும் என் காலில் இருக்கிறது.

அளவுக்காரரிடம் கெஞ்சினேன். "அந்தக் கல்லைப் பாக்க டூரிஸ்ட் வருவாங்க, பெரியவரே. உங்க ஆளுக்கு என்ன அடையாளம்?" என்றார். தப்படியெல்லாம் செல்லாதாம். பேப்பர் வேண்டுமாம், இல்லையென்றால் இடம் தெரிந்த இன்னொருவர் வந்து சொல்ல வேண்டுமாம். நாளை மறுநாள் ஜேசிபி வருகிறது.

சாதாரண ஆள் என்றால் என்னவென்று இன்றுதான் புரிந்தது மச்சான். நாம் இருந்தோம் என்று சொல்ல இன்னொரு சாதாரண ஆள் வேண்டும். அவனும் செத்துவிட்டால் நாம் பிறக்கவே இல்லை.

உன்னைத் தூக்கிய நாலு பேரில் நான்தான் மிச்சம். பெண்கள் அங்கே வருகிற வழக்கமில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் ஒருத்தியை யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போய்க் காட்டினேன். மண்ணைத் தன் கையாலேயே தட்டிச் சமன் செய்தாள். மத்தியானம் அவளிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அவுக தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிட்டு வரட்டும்ணே. கேட்டுச் சொல்றேன்."

அவுக என்றது உன்னைத்தான் மச்சான். அந்த இடம் தெரிந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது இனி அவள் ஒருத்திதான். என் தங்கச்சி, உன் பேச்சியம்மாள்.