நிர்மலாவின் கை

நவம்பர் 3, திங்கள்

லாக்டிக் ஆசிட் சீரம், இந்த மாதத்தின் முதல் பேட்ச். பிஎச் மீட்டர் 4.0 காட்டியது, கையெழுத்துப் போட்டேன். தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான். தேய்க்காமல் கொள்ளாமல், முகத்தில் மேலாக இருக்கும் இறந்த தோலை மெல்லக் கழற்றிவிடும். எதைப் போட்டாலும் சிவந்துபோகிற தோலுக்கென்றே செய்வது. அதனால் நாலுக்குக் கீழே இறங்கவே கூடாது; எண் இறங்க இறங்க அமிலம் ஏறி எரிக்கும்.

மூக்கண்டப்பள்ளியில் என் வாடகை அறைக்கு வந்து சேர ஏழு மணி. வேலை நிரந்தரமாக இன்னும் பதினெட்டு நாள். விருதுநகரில் அம்மா இப்போதே ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

நவம்பர் 4, செவ்வாய்

பேட்ச் வெளியே போகுமுன் பேக்கிங் பெண்கள் ஐந்து பேரின் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். மறுநாள் பார்ப்போம். ஐவரில் நிர்மலாவின் கை துணி சோப்புக்கே தடித்துப்போகும். இன்று சொட்டு வைத்ததும் கையை உதறினாள்.

"எரியுது மேடம்."

"ஆசிட்னா கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கும்" என்றேன். பெரிய மேதாவி நான்.

நவம்பர் 5, புதன்

நிர்மலாவின் கையில் ஸ்டிக்கர் பொட்டைவிடப் பெரிதாகச் சிவந்து தடித்திருக்கிறது. மற்ற நால்வருக்கும் ஒன்றுமில்லை. மேனேஜர் ஜெகதீஷ் சார் பதிவேட்டை வாங்கி அவள் பெயரை மட்டும் அடித்தார்.

"அந்தம்மா கைக்கு எதப் போட்டாலும் செவக்கும். இனிமே டெஸ்ட்டுக்குக் கூப்பிடாத பொற்கொடி. சனிக்கிழம வண்டி பெங்களூரு போயே ஆகணும்."

அப்படிப்பட்ட கைக்குத்தானே சார் இதைச் செய்கிறோம்? – கேட்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா? நிர்மலா என்னையே பார்த்தாள். நான் குனிந்து மீட்டரைத் துடைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

நிர்மலாவின் கைதான் கண்ணிலேயே நிற்கிறது.

மீட்டர் தப்பாகக் காட்டுமா? தினமும் காலையில் பிஎச் 4 என்று உறுதியாகத் தெரிந்த பஃபர் கரைசலில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தானே மற்றதை அளக்கிறேன்?

பஃபர்.

ஐயோ. மீந்ததைக் கொட்ட மனசு வராம அதே பாட்டில்ல திரும்ப ஊத்திட்டிருக்கேனே! எத்தனை மாசமா? எல்லாத்தையும் மிச்சம் புடிச்சே வளர்ந்த புத்தி. மீட்டர் குச்சியில ஒட்டியிருந்த ஆசிட் எல்லாம் அதுக்குள்ளதானே போயிருக்கும்? நாலு இல்லாததை நாலுன்னு மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

நவம்பர் 7, வெள்ளி

எல்லோருக்கும் முன்னால் போய் புது பஃபர் பாட்டிலைத் திறந்தேன். சீரத்தை மூன்று முறை அளந்தேன். 3.3. மூன்று முறையும் 3.3.

நாளை வண்டி. ஆயிரத்து இருநூறு பாட்டில். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால்? ஆயிரத்து இருநூறு நிர்மலாக்கள் – கை மடிப்பில் இல்லை, முகத்தில்.

பத்து மணிக்கு ஜெகதீஷ் சார் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"மிச்சம் புடிக்கச் சொல்லி உன்ன யாரு கேட்டா?" கத்தினார். கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு போனை எடுத்தார். "நாளைக்கு வண்டி வேணாம்" என்றது மட்டும் காதில் விழுந்தது. கழிவறையில் போய் அழுதேன்.

நவம்பர் 8, சனி

வண்டி வரவில்லை. மதியச் சாப்பாட்டில் என் பக்கத்து நாற்காலி காலி.

நவம்பர் 11, செவ்வாய்

பாட்டில் பாட்டிலாகத் திறந்து தொட்டியில் ஊற்றி, அமிலத்தை முறிக்கும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 4.0-க்குக் கொண்டுவந்தோம். இரண்டு நாள் வேலை, பாதி கம்பெனிக்கும் என்னால் தண்டனை.

நிர்மலாவிடம் தனியாகச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. தடித்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அப்ப எங் கையில கோளாறு இல்ல?"

"இல்லக்கா." முதல்முறையாக அக்கா என்று வந்தது.

நவம்பர் 21, வெள்ளி

நிரந்தரம் இல்லை. ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். சாப்பிட்டாயா என்றாள்.

இன்று புது பேட்ச். அளந்து முடிந்ததும் மீந்த பஃபரைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். வீணாக்குகிறோமே என்று இன்னமும் மனம் உறுத்துகிறது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு நிர்மலாவிடம் போனேன். விருப்பமிருந்தால் மட்டும் சொட்டு வைத்துக்கொண்டால் போதும், ஜெகதீஷ் சாரிடம் கேட்டுவிட்டேன் என்றேன்.

"வெக்கிறேன். ஆனா நீங்களும் வெக்கணும்."

ஆறாவதாக என் பெயரை எழுதினேன். என் கையை இழுத்துப் பிடித்துச் சொட்டை அவளே வைத்தாள்.

"எரிஞ்சா சொல்லணும் மேடம். சுருக்குன்னுதான் இருக்கும்னு சும்மா இருந்துடக் கூடாது."