ஸ்ட்ராபெரி ரப்பரும் ஒரு ஜோடி ரேமும்

என் விரல்களில் ஸ்ட்ராபெரி வாசனை. உன் மேசை இழுப்பறையில் கிடந்த ரப்பரை எடுத்து, காலையிலிருந்து உன் கம்ப்யூட்டர் ரேமின் தங்கநிற ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் உப்புக்காற்றுக்கு இது வழக்கமான வைத்தியம்தானே. தேய்த்து மாட்டினால் கம்ப்யூட்டர் பீப் அடிப்பதை நிறுத்திவிடும். இன்று நிறுத்தவில்லை. இரண்டில் ஒரு ரேம் போய்விட்டது.

மற்றதை மட்டும் மாட்டினேன். கம்ப்யூட்டர் எழுந்தது. ஆனால் நீ பாதியில் விட்டுப்போன அனிமேஷன், உன் அப்பா வேலை பார்த்த தோணி பாய் விரித்துத் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற காட்சி, அதைத் திறந்தாலே திரை உறைந்துவிடுகிறது. வேறு யார் கம்ப்யூட்டரிலும் அதைத் திறக்க எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உன் வருசப் பூசை. பூசை முடிந்து உன் அம்மா நம் அறைக்கு வருகிறார்கள். "அவ செஞ்ச தோணிய ஒருக்கா பாக்கணும்ளா" என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஜோடியை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? கடை அண்ணாச்சி, "முப்பத்திரண்டு ஜிபி ஒத்தையா போட்டுக்கிடுங்க. காலி இடத்துல பொறவு இன்னொண்ணு சொருகலாம்" என்றார்.

"ஒத்தைய நம்பி யாரு கடலுக்குப் போவா? ரெண்டு பதினாறா போடுங்க. ஒண்ணு போனாலும் மத்தது ஓட்டும்லா" என்றாய் நீ.

"ஓட்டும்மா, மெதுவாத்தான் ஓட்டும்."

நீ என்னைக் கிள்ளினாய். "இவ இப்பமே மெதுவாத்தான் ஓடுதா, அண்ணாச்சி."

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கடல் பார்த்த ஜன்னலடியில் வைத்தாய். சாத்தச் சொன்னால், "காத்து வராட்டா எனக்கு வேல ஓடாதுளா" என்பாய். நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது திறந்திருந்த ஜன்னல். நீ திரும்பவில்லை. நானும் அதைச் சாத்தவில்லை.

மதியம் அண்ணாச்சியிடம் ஓடினேன். "இதே மாதிரி இப்பம் வாரதில்லம்மா. பழசோட புதுசு சேரலாம், சேராமயும் போகலாம். ரெண்டையும் கழத்திட்டுப் புது ஜோடி மாட்டுங்க" என்றார்.

நீ தேர்ந்தெடுத்ததில் எஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். அதைக் கழற்றினால்தான் உன் தோணி திறக்கும் என்றால், நான் என்ன செய்ய? கடை வாசலில் நின்றபடி உன் எண்ணுக்கு அழைத்தேன். அது இப்போது வேறு யாருடையதோ. ஒரு ஆண் குரல், "யாரு?" என்றது. வைத்துவிட்டேன்.

புது ஜோடியை வாங்கிவந்து மாட்டினேன். தோணி திறந்தது. தண்ணீர் அசைகிறது. பாய் பாதி ஏறுகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. பிறகு என்ன என்று உன் அம்மா கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஜன்னலைச் சாத்திவிட்டேன். அறை புழுங்குகிறது.

கெட்டுப்போன ரேமைக் கடையிலேயே விட்டு வந்தேன். மற்றது உன் ரப்பரோடு என் பர்ஸில் இருக்கிறது. அது இன்னும் ஓடும், மெதுவாக.