பந்தலில் சாப்பிட்ட சோறு

அம்மாவுக்கு, புன்மி கும்பிட்டு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான். மழைக்காலம் என்பதால் விடுதியை மூடிவிட்டார்கள். காவலுக்கு நான் மட்டும் இருக்கிறேன், சமையற்கட்டுக்கும் பூட்டு.

நேற்று மதியம் பசியோடு கடற்கரைத் தெருவில் நடந்தேன். நான்கு சாப்பாட்டுக் கடைகளும் அடைத்திருந்தன. தெருக்கோடியில் பந்தல் போட்டு, மேசை நாற்காலி வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். புதுக்கடை என்று நினைத்து உட்கார்ந்து, “அக்கா, சோறும் மீன் குழம்பும் ஒண்ணு, சீக்கிரம்!” என்றேன். இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எவ்வளவு என்று கேட்டேன்.

“எங்கப்பா சாவுக்கு வந்தவன்கிட்ட காசு வாங்குவேனாடா? போய் ஒரு பத்தி கொளுத்து” என்றாள் அந்த அக்கா. இந்த ஊரில் சாவு வீட்டுப் பந்தலில் வருகிறவர்களுக்கெல்லாம் இப்படிச் சோறு போடுவார்களாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீங்களும் சிரியுங்கள்.

நம் அப்பா இறந்தபோது விடுதியில் புத்தாண்டுக் கூட்டம் அதிகம் என்று முதலாளி எனக்கு விடுப்புத் தரவில்லையே. அவருக்குக் கொளுத்தாத பத்தியை யாரோ ஒரு கிழவரின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் கொளுத்தினேன். பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

“எங்கப்பாவோட அவ்வளவு பழக்கமா?” என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா தினமும் சோறு எடுத்துப்போன அந்தச் சின்ன மூங்கில் கூடையை அனுப்புங்கள் அம்மா. மழை வலுக்கிறது, நிறுத்துகிறேன். கூடையைக் கழுவ வேண்டாம்.

புன்மி