ஒருவரும் தொடாத திருகாணி

நேற்று அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. உருகும் மெழுகு. சாலையோரத்துப் பத்திக் பட்டறை ஒன்றில் இரண்டு பெண்கள் அடுப்பில் சட்டியை வைத்துக்கொண்டு துணியில் மெழுகால் பூ வரைந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது புதுச் சேலையின் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது, கடல் கடந்து போய் நீ செத்துப்போன ஊரின் வாசனை. பல்லேபொலையில் இருக்கும் உன் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய கடதாசி என் கைப்பையில் இருந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மேல் பழி போட்ட அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. நீ மன்னித்திருப்பாய். உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

இதே சாலையில், இதைப் போன்ற ஒரு பட்டறையில்தான் நாம் இருவரும் வேலை பார்த்தோம். சட்டியிலிருந்து கிளம்பும் புகையைப் பார்த்தே உனக்குச் சூடு தெரியும். "கூடிப்போச்சுடி, எறக்கு எறக்கு" என்று என் முதுகில் தட்டுவாய். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மாத்தளைக் கடைகள் எரிந்தபோது மூன்று நாள் ஒரு மிளகுத் தோட்டத்துக் கொட்டிலில் ஒளிந்திருந்தோமே, அப்போதுகூட நீதான் என் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். சில வருடங்களில் சுவிஸுக்கு வந்து சேர்ந்தோம். மலைக்கிராமத்து ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிக்கும் வேலை.

அந்த ஊரில் பனிச்சறுக்குதான் எல்லாம். ஹோட்டல் ஊழியர்களுக்குப் பழைய சறுக்குப் பலகைகளைச் சும்மா தருவார்கள். நான் விழுந்து விழுந்து ஓரளவு கற்றுக்கொண்டேன். நீயோ மூன்றாவது குளிர்காலத்திலேயே உள்ளூர்க்காரர்கள் நின்று பார்க்கும்படி இறங்கினாய். மேலே இறுகிய பனி, நடுவில் மேடுபள்ளம், கீழே மரங்களுக்கிடையே மென்பனி என்று மலை எதைக் கொடுத்தாலும் உனக்குச் சம்மதம். மெழுகில் தேர்ந்த உன் கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஊரின் பெரிய சறுக்குக்கடை முதலாளி உன்னைத் தன் கடையில் சேர்த்துக்கொண்டார். பலகையின் அடிப்பக்கத்தில் இஸ்திரிப்பெட்டியால் மெழுகை உருக்கிப் பரப்பும் வேலை. "அலுவிகாரையில செஞ்சதையேதான்டி இங்கயும் செய்றேன், பூ மட்டும் இல்ல" என்றாய்.

ஒரு நாள் உன்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்திருந்தேன். ஆண்கள் வரிசையில் இருந்த ஒரு பலகையை நீ கேட்டுக்கொண்டிருந்தாய். உள்ளே உலோகத் தகடு வைத்தது, உன் புருவம் வரை உயரம். வேகத்தில் ஆடாது, இறுகிய பனியைக் கடித்துப் பிடிக்கும். முதலாளி அதை உன் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார்.

"இது ஆம்பளைங்களுக்கு. பொம்பளைங்களுக்குக் கட்டை, மெது, லேசு. அவ்வளவுதான்."

பூப்போட்ட பலகை ஒன்றைத் தந்தார். உன் தாடைக்குக்கூட எட்டவில்லை. ஓலைத்தட்டி மாதிரி வளைந்தது. அதைவிட மோசம், சப்பாத்தைப் பலகையோடு பிடித்திருக்கும் குதிக்கொக்கி. அதன் சுருள்வில் தளர்ந்திருந்தது; அதை இறுக்கும் திருகாணியை முதலாளி மட்டுமே தொடலாம். நீ அதைக் காட்டினாய்.

"பிடி இல்ல ஐயா. தானா கழண்டுரும்."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரமும் அதையே கேட்டாய். அதே பதில்தான் வந்தது. இரண்டு முறையும் நான் பக்கத்தில் நின்றேன்.

மூன்றாவது வாரம், இறுகிய பனிச்சரிவில், விழாமலே உன் காலிலிருந்து பலகை கழன்றது. கீழே மரங்கள் இருந்தன.

பொலிஸில் முதலாளி அமைதியாகச் சொன்னார். "அவளே திருகிக்கொண்டாள், கொக்கியைத் தளர்த்திவிட்டாள். எச்சரித்தேன், கேட்கவில்லை." நான் இல்லை இல்லை என்று கத்தினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், சரி, என்ன நடந்தது என்று. அந்தக் கொக்கிக்கும் சுருள்வில்லுக்கும் திருகாணிக்கும் ஜெர்மன் சொல் எனக்குத் தெரியவில்லை. என் குதிங்காலைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அறிக்கை அப்படியே மாத்தளைக்கும் வந்து சேர்ந்தது. யாரோ உன் அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள்: உங்கள் மகள் தன் சாவைத் தானே திருகிக்கொண்டாள்.

நான் முதலில் கற்றுக்கொண்டது அந்த ஜெர்மன் சொற்களைத்தான். பிறகு தொழிலை. முதலாளியின் கடைக்கு நேர் எதிரே இருந்த சின்னக் கடையில் சேர்ந்தேன். தெரிந்தேதான் சேர்ந்தேன். காலையில் கதவைத் திறக்கும்போது அவர் முதலில் பார்ப்பது என் முகமாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். என்னிடம் வரும் பெண்களிடம் நிறம் கேட்க மாட்டேன். எவ்வளவு வேகம், எந்தச் சரிவு, எவ்வளவு எடை, பனி இறுகியிருந்தால் பயமா சந்தோஷமா என்று கேட்பேன். நன்றாகச் சறுக்குகிறவள் என்றால் வளைத்துப் பார்க்கச் சொல்வேன். கை வலித்தால் அது அவளுக்கான பலகை. காலுக்குக் கீழே அகலம் மிதமாக, முன்னும் பின்னும் விறைப்பாக, உள்ளே தகடோடு. ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். எதிர்க்கடையில் பெண்கள் நுழைவது குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருத்தியும் சாலையைக் கடந்து என் பக்கம் வரும்போது எனக்குள் ஒன்று இனித்தது. அதை மறைக்க நான் முயலவில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, போன குளிர்காலத்தில், அவர் மகள் சாலையைக் கடந்து வந்தாள்.

உனக்கு அவளைச் சின்னப் பிள்ளையாகத் தெரியும். இப்போது மலை முழுவதும் சறுக்கும் பலசாலி. "அப்பா குடுக்கிற பலகை வேகத்துல உதறுது. அவர்கிட்ட சொன்னா கேக்க மாட்டேங்கிறார். நீங்கதான் நல்லாப் பாத்துக் குடுப்பீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

கடையிலேயே சிறந்ததை எடுத்தேன். அவள் புருவம் வரை. இரண்டு தகடு. வளைத்துப் பார்த்து, கையை உதறிக்கொண்டு சிரித்தாள். கொக்கியைப் பொருத்த உள்ளே எடுத்துப்போனேன். திருப்புளி என் கையில். இரண்டு சுற்றுக் கூடுதலாக இறுக்கினால் விழும்போது சப்பாத்து கழலாது. முழங்கால் போய்விடும். யாரும் கேட்டால், அவளே திருகிக்கொண்டாள் என்று சொல்லலாம்.

முதல் சுற்றைச் சுற்றினேன். ஆமாம், சுற்றினேன். உன்னிடம் எதற்கு மறைக்க?

அப்போது அந்த வாக்கியம் என் வாயில் தயாராக இருப்பதை உணர்ந்தேன். "அவளே திருகிக்கொண்டாள்." அவருடைய அதே சொற்கள், அவருடைய அதே அமைதியோடு. திருகாணியைப் பின்னுக்குச் சுற்றினேன். அளவுக்கருவியில் வைத்துச் சோதித்தேன். அவளை உள்ளே கூப்பிட்டு, கருவி காட்டிய அளவை அவள் வாயாலேயே படிக்க வைத்தேன். பிறகு சொன்னேன்.

"உங்க அப்பா கடையில ஒருத்தி வேலை பாத்தா. அவ கொக்கியை யாரும் தொடல. அவளும் தொடல, உங்க அப்பாவும் தொடல. இறுக்கித் தரச் சொல்லி ரெண்டு தடவை கேட்டா. நான் பக்கத்துல நின்னேன்."

"அப்பா எங்ககிட்ட வேற மாதிரி சொன்னார்" என்றாள். பலகையை எடுக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். நரைத்துப்போன தலை. பின்னால் மகள்.

"என் பிள்ளைகிட்ட என்ன சொன்ன?"

"நடந்ததை."

"அப்பா, அந்தத் திருகாணியை யார் தளர்த்தினது? இவங்க முன்னாடி சொல்லுங்க" என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாரும் இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சிரு" என்றார்.

"மாட்டேன். பொலிஸ்ல போய்ச் சொல்லுங்க" என்றேன்.

மகள்தான் கூட்டிப்போனாள். வழக்குக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் உன் பழைய அறிக்கையோடு சேர்க்கப்பட்டது. அவளும் அப்பாவின் கடைக்குப் போவதில்லை. இப்போது அவர் காலையில் கதவைத் திறக்கும்போது தனியாகத்தான் திறக்கிறார். நான் எதிரே நின்று பார்க்கிறேன். பாவமாக இருக்கிறது என்று சொன்னால் நீ சந்தோஷப்படுவாய். இல்லை, இருக்கவில்லை.

அந்த வாக்குமூலத்தின் பிரதியைத்தான் நேற்று பல்லேபொலைக்குக் கொண்டுபோனேன். உன் அப்பா முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது. என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தேன். "அவள் இரண்டு முறை என்னிடம் கேட்டாள். நான் செய்யவில்லை. அவள்மீது பொய் சொன்னேன்."

அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"வெளையாடப் போயி செத்தான்னு ஊரெல்லாம் பேசுனப்ப நானும் தலையாட்டிக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். "திமிரு புடிச்சவன்னு நானே என் வாயால சொன்னேம்மா. திதி குடுக்கையில கூட மனசுல அதுதான் இருந்துச்சு." காய்ந்த மிளகை உள்ளங்கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தாளு மேல உனக்கு இன்னும் கோவம் இருக்காம்மா?"

"இருக்குங்க. போகாதுங்க."

"போக வேணாம்" என்றார். "எனக்கு வயசாயிருச்சு, என்னால வச்சுக்க முடியாது. என் பங்கையும் சேத்து நீயே வச்சுக்க."

வைத்திருக்கிறேன்.